பூசைச் சாமான் கடைக் கருட புராணம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பூசைச் சாமான் கடையில், சாம்பிராணிப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்தக் கருட புராண உரைநடை நூல். விலை 18 வெள்ளி.

வாங்குமுன் பொருளடக்கத்தைப் பாருங்கள். செத்தபின் உயிர் யமபுரிக்குப் போகும் பயணத்தைச் சொல்லும் பிரேத காண்டம் முழுசாக இருக்க வேண்டும். மலிவுப் பதிப்புகள் எண்ணெய்க் கொப்பரைத் தண்டனைகளை அள்ளிப் போட்டுவிட்டுப் பயணத்தையே விழுங்கிவிடும். சுவையே அங்குதான். 10 நாள் பிண்டத்தில் உயிருக்கு உடல் உருவாகிறது, முதல் நாள் தலை. பிறகு வைதரணி ஆறு, வழிநெடுக 16 ஊர்கள், யமபுரி சேர ஓராண்டு. முதல் திவசம்வரை மாசாமாசம் ஏன் படையல் என்பது இங்கேதான் விளங்கும். இந்தப் பதிப்பு எதையும் வெட்டவில்லை.

எழுத்துதான் பொடி, துக்க வீட்டில் உரக்கப் படிக்கிற பெரியவர்களுக்குச் சிரமம். பசை ஒட்டிய முதுகும் நம்ம ஊர் ஈரத்துக்குத் தாங்காது, நடுப்பக்கம் கையோடு வந்துவிடும். நூல் தைத்த பிரதி கேளுங்கள், உள்ளேயிருந்து எடுத்துத் தருவார்கள்.