டைடிஆர்: அடுக்குப் பட்டியலை எண் அட்டவணையாக்க எவ்வளவு நம்பலாம்?

நான்கு வானிலை நிலையங்களின் அளவீடுகள் அடங்கிய ஜேசான் (தரவுப் பரிமாற்ற வடிவம்) கோப்பு ஒன்றை ஆர் என்னும் புள்ளியியல் கணினிமொழியில் திறந்தபோது, வழக்கம்போலப் பட்டியலுக்குள் பட்டியலாகவே வந்தது. நிலையத்துக்கு வெப்பநிலை, ஈரப்பதம் என இரண்டு எண்கள் இருக்க வேண்டும்; ஆனால் முதல் நிலையம் 31, 70 என்றும், இரண்டாவது 33 மட்டும், மூன்றாவது 29 மட்டும், நான்காவது 30, 65 என்றும் தந்திருந்தன. பழைய பழக்கத்தில் அன்லிஸ்ட் செயற்கூறால் எல்லாவற்றையும் ஒரே வரிசையாக்கி, இரண்டு நிரல்கள் (செங்குத்து வரிசைகள்) கொண்ட அணியாக, அதாவது எண் அட்டவணையாக, மடித்தேன். ஆறு எண்களும் மூன்று நிரைகளில் (கிடை வரிசைகளில்) கச்சிதமாக அமர்ந்தன; எச்சரிக்கை ஏதும் வரவில்லை. ஒரு நிலையமே காணாமற்போனதும், மூன்றாவது நிலையத்தின் வெப்பநிலையான 29 இரண்டாவதன் ஈரப்பதமாகிவிட்டதும் வரைபடம் போட்ட பிறகே தெரிந்தன. ஓர் எண் மட்டும் குறைந்திருந்தால் ஆர் எச்சரித்திருக்கும். இரண்டு குறைந்ததுதான் வினையாயிற்று.

அதன் பிறகுதான் ஆர் மொழியில் தரவைச் சீராக்க உதவும் டைடிஆர் தொகுப்புக்கு வந்தேன். 2019இல் வெளிவந்த அதன் 1.0.0 பதிப்பில் சேர்ந்த அன்நெஸ்ட்_வைடர் என்ற செயற்கூறு, உள்பட்டியலில் இருக்கும் பெயர்களையே நிரல்களின் தலைப்பாக்கி, விடுபட்ட இடத்தில் என்ஏ (மதிப்பு இல்லை) என்று குறித்துவிடுகிறது. அதே கோப்பு நான்கு நிரைகளாகவும், ஈரப்பத நிரலில் இரண்டு என்ஏக்களுடனும் வந்தது. இல்லாததை இல்லை என்று சொல்வதற்காகவே இதை நான் பரிந்துரைப்பேன்.

ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. உள்பட்டியலை நிரைகளாக நீட்டும் அன்நெஸ்ட்_லாங்கர், 1.3.0 பதிப்பிலிருந்து வெற்றுப் பதிவுகளை இயல்பாகவே நீக்கிவிடுகிறது. கீப்_எம்ப்டி என்ற தெரிவை ட்ரூ (ஆம்) என்று நாமே கொடுத்தால்தான் அவை நிற்கும். இந்த இயல்பு தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இதைவிடச் சங்கடமானது, ஒரு நிலையம் 30 என்பதை மேற்கோள் குறிக்குள் உரையாக அனுப்பும்போது நேர்வது: அன்நெஸ்ட்_வைடர் பிழை காட்டாமல் அந்த நிரலைப் பட்டியலாகவே விட்டுவிடுகிறது, சராசரி கேட்கும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது.

பதிவுகள் இலட்சக்கணக்கில் இருந்தால் டேட்டா.டேபிள் தொகுப்பின் ஆர்பைண்ட்லிஸ்ட் செயற்கூறையே நாடுகிறேன். ஃபில் என்ற தெரிவை ட்ரூ ஆக்கினால் அதுவும் விடுபட்டவற்றை என்ஏ கொண்டு நிரப்புகிறது, வேகமும் அதிகம். ஆனால் பல அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும் வசதி அதில் இல்லை.

எதைப் பயன்படுத்தினாலும், கடைசியில் டேட்டா.மேட்ரிக்ஸ் செயற்கூறு கொண்டு எண் அணியாக்கும் முன் நிலையத்தின் பெயர் உள்ள நிரலை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் செயற்கூறு பெயர்களுக்கு அகர வரிசைப்படி 1, 2, 3 என்று எண் கொடுத்து, அவற்றையும் அளவீடுகளோடு சேர்த்துவிடும்.