அலமாரியில் இரண்டு கவர்டு ஸ்டென்ட்

இந்த ஊர்ப் பயணத்தில் நல்லபடி நடந்ததெல்லாம் இருக்கட்டும். எழுத வந்தது கேத் லேப் (இதயக் குழாய் அடைப்பை நீக்கும் அறை) சம்மதப் படிவத்தின் ஒரு வரியைப் பற்றி: “இங்கே இதய அறுவை சிகிச்சைப் பிரிவு இல்லை, தேவைப்பட்டால் வேறிடம் அனுப்புவோம்.”

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வரும். பிரிட்டனிலேயே ஸ்டென்ட் (அடைத்த இதயக் குழாயைத் திறந்து வைக்கும் கம்பிவலைக் குழல்) வைக்கும் மையங்களில் பாதிக்கு மேல் இதே கதைதான் என்பது அப்போது நினைவுக்கு வராது. அமெரிக்காவில் 2012-ல் வெளியான சி-போர்ட் இ ஆய்வில் 18,867 பேர். ஆறு வார இறப்பு, சர்ஜரி இல்லாத இடங்களில் 0.9%, உள்ள இடங்களில் 1.0%. அதே குழாயை ஒன்பது மாதத்துக்குள் மறுபடி சரிசெய்ய வேண்டி வந்தது மட்டும் முறையே 6.5%, 5.4%. இந்த இரண்டாவது கணக்கை யாரும் சொல்வதில்லை. ரிஸ்க் மிக அதிகமானவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும்தான்.

பலூன் மட்டுமே இருந்த காலத்தில் உள்சுவர் கிழிந்து குழாய் மூடிக்கொண்டால் பெரும்பாலும் பைபாஸ்தான். இன்று அந்தக் கிழிசலை ஸ்டென்டே அமுக்கிப் பிடித்துவிடும். பயம் குழாயில் விழும் ஓட்டைக்குத்தான். சுண்ணாம்பு படிந்த குழாயில் பலூனைப் பெரிதாக ஊதினால் வருவது. ஓட்டை விழுந்த இடத்திலேயே உடனே பலூனை ஊதி அடைக்க வேண்டும். எக்கோ பார்த்து, இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கி பிரஷர் இறங்கினால் நெஞ்செலும்புக்குக் கீழே ஊசி போட்டு வடிக்க வேண்டும். அப்புறம்தான் கவர்டு ஸ்டென்ட், அதாவது ஓட்டையை மூட உறை போட்ட ஸ்டென்ட். அது விறைப்பானது, வளைந்த குழாயில் லேசில் ஏறாது. குழாய்க்குள் விடும் வயரின் நுனி குத்தி கடைக்கோடியில் விழும் ஓட்டைக்கு அது உதவாது; காயில் (சின்ன உலோகச் சுருள்) வைத்து அடைப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த ஹெபாரினை முறிக்க அவசரப்பட்டு புரோட்டமின் போட்டால் புது ஸ்டென்டிலேயே ரத்தம் உறையலாம்.

சர்ஜன் மாடியிலேயே இருந்தாலும் தியேட்டரும் ஹார்ட்-லங் மெஷினை இயக்கும் பம்ப் ஆளும் தயாராகும் வரை உயிரைப் பிடித்து வைப்பது இந்த பலூன்தான்.

ஆகவே கேட்க வேண்டியது வேறு. லெஃப்ட் மெயின் (இதயத்தின் இடப்பக்க முதன்மைக் குழாய்) அடைப்பையும் ரோட்டா கேஸையும் (சுண்ணாம்பைச் சுழலும் துரப்பணத்தால் தேய்த்தெடுப்பது) இங்கேயே செய்கிறார்களா? அனுப்பும் மருத்துவமனையோடு எழுத்தில் ஒப்பந்தம் உண்டா? கவர்டு ஸ்டென்ட் கையிருப்பில் இருக்கிறதா? எப்போதாவதுதான் தேவைப்படும் என்பதால் அலமாரியிலேயே காலாவதியாகிவிடும் பொருள் அது.

கேட்டதும் சிஸ்டர் முகம் சுளிக்காமல் கதவைத் திறந்தார். 3.0, 3.5 என்று இரண்டு பெட்டி. தேதி இன்னும் தாண்டவில்லை.