இன்குபேட்டரா, அம்மாவின் மார்புச் சூடா?

குறைமாதக் குழந்தைக்குப் பெரிய ஆபத்து, உடம்பு சில்லிட்டுப் போவது. இன்குபேட்டர் சூடு தரும். ஆனால் கரண்ட் நிற்காமல் வரவேண்டும், பழுது பார்க்க ஆளும் வேண்டும். 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் பற்றாக்குறையால் ஒரே பெட்டியைப் பல குழந்தைகள் பங்கிட்டார்கள், கூடவே தொற்றையும். அங்கேதான் டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா, குழந்தையை அம்மாவின் வெறும் மார்போடு அணைத்துக் கட்டிவைக்கச் சொன்னார். இதுதான் கங்காரு பராமரிப்பு. செலவு? ஒரு துணி!

சரி, பலன்? கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. 1 முதல் 1.8 கிலோ வரையிலான குழந்தைகளை, உடல்நிலை சீராகும்வரை காத்திருக்காமல் பிறந்ததுமே மார்பில் சேர்த்தபோது, முதல் 28 நாள் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 ஆகக் குறைந்தது.

அதற்காக இன்குபேட்டரைத் தூக்கிப்போட முடியாது. தாயின் நிலைமையே மோசமானால் அது தேவைப்படும். அப்பாவோ பாட்டியோ அணைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் தினமும் 8 மணி நேரமாவது வேண்டும். குழந்தை வார்டில் அம்மாவுக்குக் கட்டிலே போடாத மருத்துவமனையில் அது எப்படி நடக்கும்?