ரெட்டினா ரத்தக்குழாய பிரிக்க பழைய ஃபில்டரா, யூ-நெட்டா?

ஃபண்டஸ் போட்டோல (கண்ணோட உள்பக்கம் ரெட்டினாவ எடுத்த படம்) ரத்தக்குழாய மட்டும் தனியா பிரிக்கணும்னா இப்போ யார கேட்டாலும் யோசிக்காம யூ-நெட்னுதான் (படத்த பிரிக்க கத்துக்கற டீப் லேர்னிங் மாடல்) சொல்றாங்க, ஆனா 1989லயே வந்த மேட்ச்டு ஃபில்டர அவ்ளோ ஈசியா ஓரங்கட்டிட முடியாது. ஐடியா ரொம்ப சிம்பிள், குழாய்க்கு குறுக்கால பாத்தா நடுவுல இருட்டு ரெண்டு பக்கமும் வெளிச்சம், கவுத்துப் போட்ட மணி ஷேப்ல இருக்கற காஸியன் வளைவு மாதிரி, அந்த ஷேப்ப 15 டிகிரி 15 டிகிரியா திருப்பி 12 திசையில கலர் படத்தோட பச்சை பகுதி, அதாவது கிரீன் சேனல் மேல ஓட்டி எங்க நல்லா ஒத்துப்போகுதோ அத குழாய்னு எடுத்துக்கறது, அவ்ளோதான். (கிரீன் ஏன்னா அதுலதான் குழாய் பளிச்னு தெரியும்.) ட்ரெயினிங் கிடையாது, ஜிபியு வேணாம்.

இந்த சொகுசெல்லாம் நோயில்லாத கண்ணு வரைக்கும்தான். சுகர் பேஷண்ட் கண்ணுல மஞ்சளா திட்டுத்திட்டா இருந்தா அதோட ஓரத்தையும் குழாய்னு சொல்லும், கண் நரம்பு கிளம்பற வட்டமான ஆப்டிக் டிஸ்க் விளிம்பையும் விடாது, பெரிய தமனி நடுவுல மின்னுற கோடு விழுந்தா ஒரே குழாய் ரெண்டா தெரியும். 1998ல வந்த ஃப்ராங்கி ஃபில்டர் பல தடிமன்ல தேடும், ஆனா கிளை பிரியற இடத்துல சொதப்பும்.

யூ-நெட் இங்கதான் ஜெயிக்குது, அக்கம்பக்கத்தயும் சேத்துப் பாக்கறதால திட்டு வேற குழாய் வேறனு கத்துக்குது. ட்ரைவ்ங்கற டேட்டாசெட்ல (குழாய கையால வரைஞ்சு வச்ச ரெட்டினா படத் தொகுப்பு) ட்ரெயினிங்குக்கு இருக்கறதே 20 படம்தான், அத துண்டு போட்டு திருப்பிப் போட்டே நல்ல ரிசல்ட் எடுக்கறாங்க.

ஆனா அக்யூரசி டேபிள பாத்து மயங்காதீங்க. படத்துல குழாய் பிக்சல் கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்குதான், அதனால எல்லாமே கருப்பு, குழாயே இல்லனு சொல்ற மாடலுக்கே 90 சதவீதம் பக்கத்துல வந்துடும்! அப்புறம் இந்த "மனுசனயே மிஞ்சிருச்சு" கதை. ட்ரைவ்ல கையால வரைஞ்ச முதல் செட்தான் விடைத்தாள், ரெண்டாவது செட் வரைஞ்சவருக்கு அத வச்சுதான் மார்க், மாடலோ முதல் செட் வரைஞ்சவங்க பாணிய பாத்தே படிச்சது, அப்போ யார் ஜெயிப்பா?

இன்னொரு தலைவலி கேமரா. ட்ரைவ் படம் 565க்கு 584, எச்ஆர்எஃப்ங்கற இன்னொரு டேட்டாசெட் படம் 3504க்கு 2336 பிக்சல், அங்க படிச்ச மாடல இங்க அப்படியே ஓட்டினா குழாயோட அகலமே அதுக்கு புதுசு. ஃபில்டர்ல சிக்மாவ, அதாவது அந்த வளைவோட அகலத்த, மாத்தினா பெரும்பாலும் போதும், யூ-நெட்டுக்கு ரீசைஸ் பண்ணனும், இல்லனா புது கேமரா படத்துல யாராச்சும் உக்காந்து கையால வரையணும்.

வரைய ஆள் இருந்தா கண்ண மூடிட்டு யூ-நெட், இல்லாதவங்க ஃபில்டர்ல ஆரம்பிங்க. எதுவா இருந்தாலும் சென்சிடிவிட்டியும் (நிஜ குழாய்ல எவ்ளோ பிடிச்சுது) சிஎல்டைஸும் (குழாய் அறுபடாம தொடர்ச்சியா இருக்கான்னு பாக்கற மார்க்) சேத்துப் பாருங்க, மெல்லிய குழாய் நடுவுல அறுந்து நிக்கறது அக்யூரசில தெரியவே தெரியாது.