திறந்த அடுக்கா, பீரோவா, மூடிய பெட்டியா: கடலோர வீட்டில் பின்னல் நூலைக் காப்பது

பின்னல் ஊசிகளும் குரோஷா ஊசிகளும் ஒரு சிறு பையில் அடங்கிவிடும். வீட்டில் இடம் கேட்பது நூல்தான். கையிலிருக்கும் வேலைக்கு வேண்டியதைவிடக் கூடுதலாக நூல் சேர்ந்துவிட்ட எவருக்கும், அதைத் திறந்த அடுக்கில் வைப்பதா, உறை போட்டுப் பீரோவில் வைப்பதா, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளில் வைப்பதா என்ற கேள்வி எழுந்தே தீரும். சென்னையில் கடலுக்கு வெகு அருகிலுள்ள எங்கள் வீட்டில் இந்த மூன்றும் வெவ்வேறு காலங்களில் புழக்கத்தில் இருந்திருக்கின்றன. இப்போது பெட்டிகளே நிலைத்துவிட்டன. எனவே இந்த ஒப்பீடு பெட்டியின் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

பார்வைக்கு அடுக்கு அழகு, இடச் சிக்கனத்துக்குப் பெட்டி, புதிய செலவு வேண்டாம் என்பவர்களுக்கு ஏற்கெனவே வீட்டில் நிற்கும் பீரோ. இவற்றில் விவாதிக்க ஒன்றுமில்லை. விலையும் பெரிய தடையன்று. நல்ல பெட்டி ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அந்தப் பணத்துக்கு வாங்கும் நூலே அதைவிட விரைவாகத் தீர்ந்துவிடும். என் முடிவைத் தீர்மானித்தது ஈரம். பூஞ்சணம், பூச்சி, வாடை, துருக்கறை என்று நூலுக்கு நேரும் கேடுகளில் பெரும்பாலானவை ஈரத்தின் வழியாகவே வருகின்றன என்பதால், மூன்று வழிகளையும் அந்த ஒரே அளவுகோலில்தான் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் நூல் எந்த இழையால் ஆனது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடும் வெப்பம் 20 பாகை செல்சியசுமாக இருக்கும் நிலையில், முற்றிலும் உலர்ந்த ஒரு கிலோ பருத்தி ஏறத்தாழ 80 கிராம் நீரைக் காற்றிலிருந்து இழுத்து வைத்துக்கொள்ளும். கம்பளி அதைப்போல் இரு மடங்கை ஏந்தும். செயற்கை இழையான அக்ரிலிக் 20 கிராமுக்கு மேல் ஏற்பது அரிது. இத்தனை நீரை உள்ளே வைத்திருந்தும் பருத்தியோ கம்பளியோ தொடும்போது ஈரமாகத் தோன்றுவதில்லை என்பதுதான் சிக்கல். நம் ஊர்க் கடைகளில் ‘உல்லன்’ என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் லூதியானாவிலிருந்து வரும் அக்ரிலிக் நூல். வாங்குமுன் லேபிளில் இழையின் பெயரைப் படித்துவிடுவது நல்லது. என்னிடம் இருப்பவற்றில் பெரும்பங்கு பருத்தி: திருப்பூர்ப் பக்கத்துக் கோன் நூலும் குரோஷாவுக்கான மெல்லிய நூல்கண்டுகளும். அக்ரிலிக் மட்டுமே வைத்திருப்பவருக்கு நான் பின்னர் சொல்லும் எச்சரிக்கைகளில் பாதி தேவைப்படாது.

திறந்த அடுக்குக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடுகிறேன். அங்கே காற்று தடையின்றி உலவுவதால் நூல் புழுங்குவதில்லை. எந்த நிறம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடுவதால், இருப்பதையே மறுபடி வாங்கும் வழக்கம் குறைகிறது. ஆனால் கடலோரத்தில் உலவும் காற்று உப்பையும் சுமந்து வருகிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும் என்பதால், உப்பும் தெருப் புழுதியும் படிந்த நூல் மழைக்காலத்தில் பிசுபிசுப்பாகிவிடுகிறது; வெள்ளைப் பருத்தி மெல்ல மெல்லப் பழுப்பேறுகிறது. வெளிச்சத்தின் வேலை இன்னும் நுட்பமானது. சன்னலை நோக்கிய பக்கத்தில் கண்டின் மேலடுக்கு மட்டும் வெளிறி உள்ளடுக்கு புதிதாகவே இருக்கும்; பின்னி முடித்த பிறகுதான் ஒரே கண்டிலிருந்து வந்த இரண்டு நிறங்கள் பட்டை பட்டையாகத் தெரியும்.

பூச்சிகளையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நம் வீட்டுச் சுவர்களில் பூசணி விதை வடிவத்தில், சாம்பல் நிறத்தில், இருமுனையும் திறந்த சிறு கூடுகள் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அதற்குள் இருக்கும் புழு பழைய ஒட்டடையையும் உதிர்ந்த முடியையும் தின்று வாழ்வது. கம்பளி கிடைத்தால் அதையும் விடாது. இராமபாணப் பூச்சியோ மாவுப்பொருளையும் தாவர இழையையும் நாடுவதால் பருத்தி, விஸ்கோஸ் நூல்களோடு காகித லேபிளையும் சேர்த்து அரிக்கும். இரண்டும் ஈரமான வீடுகளில்தான் செழிக்கின்றன. திறந்த அடுக்கு இவற்றுக்கு எந்தத் தடையும் வைப்பதில்லை. வாரம் ஒருமுறை தூசு தட்டி, கண்டுகளை இடம் மாற்றி வைக்கும் பொறுமை உள்ளவருக்கு அது ஒரு பொருட்டாகாது. எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

பீரோவைப் பொறுத்தவரை, புடவை உறைகளில் நூலை நிறவாரியாக அடுக்கிப் பீரோவில் வைப்பதுதான் பல வீடுகளில் இயல்பாக நடக்கிறது. மோசமான ஏற்பாடு என்று அதைச் சொல்லமாட்டேன். இருட்டு இருக்கிறது, தூசு குறைவு, எடுப்பதும் வைப்பதும் எளிது. உறையின் முகப்பு பி.வி.சி.யாக இருந்தால் மட்டும் எச்சரிக்கை வேண்டும்; நாளாவட்டத்தில் அது பிசுக்கேறி, தன் வாடையை நூலுக்கும் ஏற்றும். முழுவதும் துணியாலான உறை மேல். ஆனால் பீரோவின் கதவு காற்றை அடைப்பதில்லை. மழைக்கால ஈரம் உள்ளே சென்றுவிடும், காற்றோட்டம் இல்லாததால் வெளியேறத் தாமதிக்கும். வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் பீரோவின் பின்தகடு குளிர்ந்து வியர்ப்பதும், பெயின்ட் உரிந்த இடத்தில் துரு கிளம்புவதும் கடலோர வீடுகளில் புதிதன்று. பழைய டிரங்குப் பெட்டிக்கும் இதே குறை உண்டு. வெள்ளை நூலில் ஏறிய துருக்கறை சாதாரண சோப்புக்குப் போகாது.

இனி பெட்டி. நான் சொல்வது பக்கவாட்டில் கொக்கியும் மூடியின் உள்விளிம்பில் ரப்பர் வளையமும் உள்ள, உள்ளிருப்பது வெளியே தெரிகிற பாலிபுரோப்பிலீன் பெட்டியை; அடிப்புறத்தில் முக்கோணக் குறிக்குள் 5 என்ற எண் இருந்தால் அது பாலிபுரோப்பிலீன், 3 என்றிருந்தால் பி.வி.சி. இப்படிப்பட்ட பெட்டிக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம், காற்றுப் புகாத இடத்தில் ஈரம் அடைபட்டு நூல் பூத்துப்போகும் என்பது. வாதம் உண்மைதான். ஆனால் அடைபடும் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் பெட்டியைக் கையாளும் முறை எனக்குப் பிடிபட்டது.

30 பாகை வெப்பத்தில், நீராவி நிறைந்த ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீரைத் தாங்கும். அப்படியானால் 30 லிட்டர் பெட்டிக்குள் சிக்கும் காற்றில் இருக்கக்கூடிய நீர் ஒரு கிராமுக்கும் குறைவு. அதே பெட்டிக்குள் வைக்கும் ஒரு கிலோ பருத்தி நூலோ எண்பது கிராமைச் சுமந்து வருகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டை நெருங்கும் நாள்களில் அது நூறு கிராமைக் கடந்துவிடும். ஆக, பெட்டிக்குள் ஈரத்தைக் கொண்டுபோவது நூலே. மூடிய பிறகு பெட்டிக்குள் நிலவும் ஈரப்பதத்தைத் தீர்மானிப்பதும், மூடிய அன்று நூல் எவ்வளவு உலர்ந்திருந்தது என்பதே. மழை நாளில் மூடினால் மழைக்காலம் முழுவதும் பெட்டிக்குள் தங்கிவிடும். கோடையில் மூடினால் கோடை தங்கும்.

ஆகவே எந்தப் பெட்டி வாங்குவது என்பதைவிட எந்த நாளில் மூடுவது என்பதில்தான் கவனம் வேண்டும். சென்னையில் அதற்கு ஏற்ற வேளை, மே, ஜூன் மாதங்களில் மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும் முற்பகல்கள். கடற்காற்று வந்து சேரும் முன் நூலை நிழலில், மின்விசிறியின் கீழ் பரப்பிவைத்து, நண்பகலுக்குள் பெட்டிக்குள் போட்டு மூடிவிட வேண்டும். வெயிலில் காயவைத்தால் நிறம் போகும். சூடான நூலை உடனே மூடினால் இரவில் பெட்டி குளிரும்போது உட்சுவரில் நீர் பனிக்கும். மழைக்காலத்தில் வாங்கிய நூல் நேராகப் பெட்டிக்குப் போவதில்லை. வறண்ட நாள் வரும்வரை அது துணிப்பையில் காத்திருக்கும்.

நம்பிக்கையை மட்டும் வைத்து இதைச் செய்யத் தேவையில்லை. ஈரப்பதம் காட்டும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்கு இணையக் கடைகளில் கிடைக்கிறது. கண்டுகளுக்கு நடுவே அதை வைத்து, எண் வெளியிலிருந்து தெரியும்படி திருப்பிவைத்தால் போதும். பூஞ்சணம் பொதுவாக 70 விழுக்காட்டுக்கு மேல்தான் வளரத் தொடங்குகிறது. கருவி 65-ஐத் தாண்டினால் பெட்டியைத் திறந்து நூலை மறுபடி உலர்த்துகிறேன். பராமரிப்பு என்று பார்த்தால் அடுக்குக்கு வாரவேலை, பீரோவுக்கு மாதவேலை, பெட்டிக்குப் பெரும்பாலும் ஆண்டுவேலை.

சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் பற்றி அளவுக்கு மீறிய நம்பிக்கை நிலவுகிறது. சிலிக்கா ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே நீரை ஏற்கும். காலணிப் பெட்டியிலிருந்து எடுத்துவைக்கும் சின்னஞ்சிறு பொட்டலம் ஒரு கிலோ ஈரப் பருத்திக்கு முன்னால் ஒன்றுமேயில்லை. ஏற்கெனவே உலர்ந்த நூலில், மூடியைத் திறந்து மூடும்போது புகும் சிறிதளவு ஈரத்தைச் சமாளிக்க 50 கிராம் பொட்டலம் பயன்படும். நிறம் மாறும் மணிகளாக வாங்கினால் அது எப்போது நிறைந்துவிட்டது என்பது தெரியும். 120 பாகை வெப்பத்தில் ஓவனில் சில மணி நேரம் வைத்தெடுத்தால் மறுபடி பயன்படுத்தலாம். உப்புக்கு அரிசி போடுவதுபோல் இங்கும் ஒரு பிடி அரிசி முடிந்து வைக்கலாமே என்பவர்களுக்கு ஒரே பதில்: வண்டு.

பாச்சை உருண்டையை நான் நூலருகே விடுவதில்லை. அந்த வாடை கழுவினாலும் எளிதில் போகாது என்பது ஒருபுறமிருக்க, நாம் பின்னுவதில் பாதி கைக்குழந்தைகளுக்கான தொப்பியும் காலுறையும். ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு, பாச்சை உருண்டையில் பெரும்பாலும் இருக்கும் நாப்தலின் என்னும் வேதிப்பொருள் ஏறிய துணியால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையக்கூடும். குறைபாடு இருப்பது பெற்றோருக்கே தெரியாமல் இருப்பதும் உண்டு. வசம்பு, கிராம்பின் மணம் இதமானது. ஆனால் பூச்சியை அவை மட்டும் தடுத்துவிடும் என்று நம்பி மூடியைத் தளர விடமாட்டேன்.

உண்மையான கம்பளி நூலில் என் அனுபவம் குறைவு. சென்னையில் அதை உடுத்தும் தேவையே அரிது என்பதால் சால்வைக்கென வாங்கிய சில சிட்டங்களே (கண்டாகச் சுற்றாமல் தளர்ந்த வளையமாக விற்கப்படும் நூல்) என்னிடம் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு கூடுதல் படி வைத்திருக்கிறேன். புதிதாக வரும் கம்பளியைக் காற்றுப் புகாத பாலித்தீன் பையில் கட்டி, −18 பாகையில் இரண்டு வாரம் உறைபெட்டியில் வைத்து, வெளியே எடுத்தபின் பையைத் திறக்காமலே அறை வெப்பத்துக்கு வரவிட்டு, அதன் பிறகே பெட்டிக்குள் வைக்கிறேன். அருங்காட்சியகங்கள் கம்பளித் துணிகளில் அந்துப்பூச்சியின் முட்டையையும் புழுவையும் அழிக்கக் கையாளும் முறை இது. ஒற்றைக் கதவுக் குளிர்ப்பெட்டிகளின் உறைபகுதி பல வீடுகளில் அந்தக் குளிரை எட்டுவதில்லை என்பதால், உள்ளே ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. கம்பளியைக் கண்டாகச் சுற்றி இறுக்காமல் சிட்டமாகவே விட்டிருக்கிறேன். இழுபட்ட நிலையில் நெடுநாள் கிடந்தால் அதன் துள்ளல் குறையும் என்று சொல்லப்படுவதைச் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு என்னிடம் நூல் இல்லை. கொடைக்கானல், உதகையில் பின்னுபவர்களின் சொல்லுக்கு இந்த விஷயத்தில் என் சொல்லைவிட எடை அதிகம்.

காற்றை உறிஞ்சி எடுக்கும் வெற்றிடப் பைகளை அக்ரிலிக் நூலுக்கு மட்டும் பயன்படுத்தியிருக்கிறேன். இடம் வியக்கத்தக்க அளவு மிச்சமாகிறது. ஆனால் நசுங்கிய பாளமாகிவிடும் அந்தப் பையில் எந்தக் கண்டு எங்கே என்று தெரிவதில்லை. ஒன்றை எடுக்கத் திறந்தால் முழுவதையும் மறுபடி உறிஞ்ச வேண்டும்.

பெட்டியின் அளவில் ஆசைப்படக் கூடாது. ஒரு பெரிய பெட்டியைவிட, ஒருவர் எளிதாகத் தூக்கக்கூடிய நான்கு பெட்டிகள் மேல்; ஒன்றில் பூச்சியோ பூஞ்சணமோ வந்தாலும் மற்ற மூன்றும் தப்பும். கம்பளி, பருத்தி, அக்ரிலிக் மூன்றையும் ஒரே பெட்டியில் கலக்காமல், ஒவ்வொரு நிறத்தையும் அதன் லேபிளோடு தனிச் சிறு பையில் போடுவது வழக்கமாகிவிட்டது. சாயத் தொகுதி எண் லேபிளில்தான் இருக்கிறது. பாதியில் நூல் தீர்ந்து மறுபடி வாங்கப் போகும்போது அந்த எண் இல்லாவிட்டால், அதே நிறம் என்று கடைக்காரர் தருவது அதே நிறமாக இருக்காது. மிச்ச நூலைச் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையை லேபிளிலேயே எழுதிவைத்தால், ஒரு தொப்பிக்குப் போதுமா என்ற கேள்விக்குப் பையைப் பிரிக்காமலே பதில் கிடைக்கும். பெட்டிகளை மொட்டைமாடிக்கு நேர் கீழுள்ள பரணில் ஏற்றாமல், வெளிச்சுவரைத் தொடாமல், தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் ஒரு பலகை மேல் வைத்திருக்கிறேன்.

கோயம்புத்தூர், மதுரை போன்ற உள்நாட்டு ஊர்களில், அக்ரிலிக் நூலை மட்டும் வைத்துக்கொண்டு, வாங்கியதை இரண்டு மூன்று மாதங்களில் பின்னி முடித்துவிடுபவர் இந்தப் பெட்டிகளுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. சன்னலுக்கு எதிர்ப்படாத ஓர் அடுக்கும் சில துணி உறைகளும் அவருக்குத் தாராளமாகப் போதும். என் வீட்டிலும் நடப்பில் இருக்கும் வேலை மட்டும், ஊசி செருகியபடியே, பருத்தித் துணிப்பையில் வெளியே தொங்குகிறது.