ரெராமீற்றர் எஸ்.ஏ.எஸ். 1000: வன்னித் தரையில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது

வன்னியில் குழாய்க்கிணறு அடிக்க முதல் இடம் பார்ப்பவர்கள் மூன்று வகை. வேப்பங்கவரோ தேங்காயோ கொண்டு நீரோட்டம் பார்க்கிறவர்கள் ஒரு பக்கம். இரண்டு கம்பியை நிலத்தில் குத்தி, திரையில் வண்ணப்படம் காட்டுகிற புதுக்கருவிக்காரர் இன்னொரு பக்கம். நான்கு கம்பி ஊன்றி, நூற்றுக்கணக்கான மீற்றர் வயர் இழுத்து, நிலத்தின் தடைத்திறனை, அதாவது அது மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதை, அளக்கிறவர்கள் மூன்றாவது. இந்த மதிப்பீடு அந்த மூன்றாவது வேலைக்கு வருகிற, சுவீடன் தயாரிப்பான அபெம் ரெராமீற்றர் எஸ்.ஏ.எஸ். 1000 பற்றியது. இது பழைய தலைமுறைக் கருவி. ஆனாலும் ஒற்றை இடத்தில் ஆழ அளவை எடுக்க இன்னும் தாராளமாகப் போதும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கருவி தண்ணீரைக் காட்டாது. வெளிக்கம்பிகள் இரண்டின் வழியாக நிலத்துக்குள் மின்னோட்டம் விட்டு, உள்கம்பிகள் இரண்டுக்கும் இடையில் வரும் அழுத்த வேறுபாட்டை அளக்கும். அதிலிருந்து கிடைப்பது மண்ணின், பாறையின் தடைத்திறன் மட்டுமே. அதைத் தண்ணீர் என்றோ களி என்றோ உவர் என்றோ வாசிப்பது ஆள்.

வன்னிக்கு இது ஏன் பொருத்தம் என்றால், இங்கே நிலம் இரண்டு விதம். வவுனியாவும் முல்லைத்தீவின் உட்பகுதியும் கருங்கல் நிலம். இலங்கைப் புவியியலில் ஒரு பாறைத் தொகுதிக்கே வன்னி என்று பெயர். அங்கே தண்ணீர் இருப்பது மேலே உக்கிப்போன மக்கிப் படையிலும், அதற்குக் கீழே வெடித்த பாறையிலும்தான். மேற்கே மன்னார், பூநகரிப் பக்கம் சுண்ணக்கல்லும் மணலும். அங்கே தண்ணீர் இருக்கிறதா என்பதைவிட அது எந்த ஆழத்தில் உவராக மாறுகிறது என்பதே கேள்வி. கருவி இரண்டு இடத்திலும் உதவும், ஆனால் ஒரே மாதிரி அல்ல.

வெளிக்கம்பிகளைத் தள்ளித் தள்ளி வைக்க அளவை ஆழமாகப் போகும். அந்தத் தூரத்துக்கு எதிராகத் தடைத்திறனைக் குறித்தால் வருவதே வரைபு. கருங்கல் நிலத்தில் ஒரு நல்ல வரைபு கிண்ணம்போல வரும். மேலே காய்ந்த மண்ணும் கிறவலும் நூற்றுக்கணக்கான ஓம் மீற்றர். ஈரமான மக்கிப் படைக்கு வந்தால் பல பத்துகளுக்கு இறங்கும். அடியில் வெடிக்காத பாறை ஆயிரக்கணக்கில் ஏறும். இரண்டு பக்கமும் பத்து மடங்காக ஏறும் இரட்டை மடக்கைத் தாளில் வரைபின் கடைசிக் கை 45 பாகையில் நேராக ஏறிக்கொண்டே போனால், கீழே உள்ளது இறுகிய கல். அந்த இடத்தில் 300 அடி அடித்தாலும் புழுதிதான் வரும் வாய்ப்பு அதிகம். கை 45 பாகைக்குக் குறைவாகச் சாய்ந்தோ, நடுவில் ஒருக்கால் தயங்கியோ ஏறினால், பாறை வெடித்திருக்க இடமுண்டு.

இந்த வேலையில் பிழை நுழைவது பெரும்பாலும் கம்பியும் மண்ணும் தொடுகிற இடத்தில்தான். கருவி 1 மில்லி அம்பியர் முதல் 1000 மில்லி அம்பியர் வரை படிப்படியாக ஓட்டம் விடும், ஆனால் அதன் உச்ச அழுத்தம் 400 வோல்ற்று. வெளிக்கம்பிகளின் தொடுகைத் தடை சேர்ந்து 4,000 ஓம் என்றால் 100 மில்லி அம்பியர் போகும். ஆவணி வெய்யிலில் வெடித்த கட்டாந்தரையில் அதே தடை 40,000 ஓமுக்கு ஏறினால் 10 மில்லி அம்பியர்தான். அதுக்கு மேல் கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. கம்பியடியில் உப்புக் கரைத்த தண்ணீர் ஊற்றுங்கள். அதுவும் போதாவிட்டால் அரை மீற்றர் தள்ளி இரண்டாவது, மூன்றாவது கம்பி அடித்து ஒன்றாகக் கட்டுங்கள். காலம் தெரிவு செய்யலாம் என்றால் மாசி நல்லது. மாரி முடிந்திருக்கும், மண்ணில் ஈரம் நிற்கும், வயலில் வெள்ளம் இராது.

இதற்கு எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. தொடக்கத்தில் வெளித்தூரம், அதாவது நடுவிலிருந்து ஒரு வெளிக்கம்பிக்குள்ள தூரம், 2.5 மீற்றர்தான். அங்கே கம்பியை அலவாங்குபோல ஓர் அடிக்கு இறக்கினால், கணக்கில் அது புள்ளியாக நிற்காது. தூரத்தின் இருபதில் ஒரு பங்கு, அதாவது 12 சென்ரிமீற்றர் போதும். தூரம் கூடக் கூட ஆழமாக அடிக்கலாம்.

உள்கம்பிகளைப் பெரும்பாலும் அசைக்காமல் வெளிக்கம்பிகளை மட்டும் தள்ளிக்கொண்டு போவது ஷ்லம்பர்ஜர் முறை. அதில் வெளித்தூரத்தை 2.5, 4, 6.5, 10, 16, 25, 40, 65, 100 மீற்றர் என்று பெருக்கிக்கொண்டே போவது வழமை. இடையில் ஒவ்வொரு புள்ளி சேர்த்தால் வரைபு இன்னும் நம்பகமாகும். உள்கம்பிகள் முதலில் 1 மீற்றர் இடைவெளியில் நிற்கும். ஏறத்தாழ 20 மீற்றரில் அவற்றை 10 மீற்றருக்கு அகட்ட வேண்டும். ஏன் என்பதற்குக் கணக்கே சாட்சி: 20 மீற்றரில் கேத்திரகணிதக் காரணி, அதாவது அளந்த தடையைத் தடைத்திறனாக்கப் பெருக்கும் எண், ஒடுங்கிய உள்கம்பிக்கு 1,256, அகன்றதற்கு 118. கருவிக்கு வரும் சைகை, அதாவது உள்கம்பிகளுக்கு இடையிலான அழுத்தம், பத்து மடங்குக்கு மேல் பெருக்கும். மாற்றுகிற இடத்தில் இரண்டு புள்ளியாவது இரண்டு இடைவெளியிலும் எடுக்க வேண்டும். இரண்டு துண்டு வரைபும் சற்று விலகினால் உள்கம்பிக்குப் பக்கத்து மண் வேறுபடுகிறது என்று பொருள், திருத்தலாம். மாறுகிற இடத்தில் ஒரே ஒரு புள்ளி எடுத்த தாளைத் தந்தால், அதைத் திருத்த வழியே இல்லை.

வெளித்தூரம் 100 மீற்றரில், தோற்றத் தடைத்திறன் (எல்லாப் படையும் கலந்து வரும் தடைத்திறன்) 300 ஓம் மீற்றர் என்றால், திரையில் வரும் தடை 0.096 ஓம் அளவு. 100 மில்லி அம்பியர் விட்டால் சைகை பத்து மில்லிவோல்ற்றுக்குச் சற்றுக் குறைவு. முருங்கன் பக்கக் கரிய களியில் 10 ஓம் மீற்றர் என்றால் அதே ஓட்டத்துக்கு ஒரு மில்லிவோல்ற்றில் மூன்றில் ஒரு பங்கே வரும். அங்கே 500 மில்லி அம்பியருக்கு ஏற்றாமல் எடுத்த கணக்கை நம்ப வேண்டாம்.

இந்த இடத்தில்தான் எஸ்.ஏ.எஸ்., அதாவது சைகையைச் சராசரி போடும் முறை, என்ற பெயருக்குரிய வேலை தெரியும். ஒரே அளவைத் திருப்பித் திருப்பி எடுத்துச் சராசரி போட்டு, விலகலையும் திரையில் காட்டும். நான்கு சுற்றும் 0.094, 0.097, 0.095, 0.096 என்று வந்தால் எழுதிக்கொள்ளலாம். நடுவில் திடீரென்று 0.141 குதித்தால் சுற்றிப் பாருங்கள். வன்னியில் அதற்குப் பெரும்பாலும் காரணம் யானை வேலி. அது ஏறத்தாழ நொடிக்கொரு தரம் துடிக்கும், அந்தத் துடிப்பு நிலத்துக்குள் இறங்கும். சொந்தக்காரரிடம் கேட்டு வேலியை அரை மணித்தியாலம் நிறுத்திவிட்டு அளப்பதே வழி. முட்கம்பி வேலி எண்ணைக் குதிக்க வைக்காது, ஆனால் அதைவிட மோசம். இரும்புத் தூணில் கட்டிய வேலிக்குச் சமாந்தரமாகக் கோடு போட்டால் ஓட்டம் நிலத்தை விட்டு வேலியில் போய்விடும். குத்தாகக் கடக்கலாம், பக்கத்தில் கூடவே ஓடக்கூடாது.

காணி அளவு ஒரு பெரிய தலையிடி. கோடு பார்க்கும் ஆழம் வெளித்தூரத்தின் மூன்றிலொன்றுக்கும் பாதிக்கும் இடையில். 40 மீற்றர், அதாவது 130 அடி ஆழம் பார்க்க, 200 மீற்றருக்குக் குறையாத நேர்கோடு வேண்டும். சதுரமான ஓர் ஏக்கரின் பக்கம் 64 மீற்றர்தான். ஆகவே அயலவரின் காணிக்குள் போகாமல் வேலை நடக்காது. முன்கூட்டியே சொல்லி வைக்காத வேலைகளில் கோடு 50 மீற்றரில் நின்றுவிடும், ஆனால் அறிக்கையில் 60 மீற்றர் ஆழம் எழுதப்பட்டிருக்கும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

அயற்காணி என்றதும் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்காத நிலத்தில் ஒரு கம்பிகூட அடிக்கக்கூடாது. பற்றை மண்டிய ஓரக்காணிகளில் கோட்டைத் திருப்பிப் போடுவது மானக்கேடு இல்லை. அளக்கும் நேரம் வெளிக்கம்பியில் 400 வோல்ற்று வரை நிற்கும். ஒவ்வொரு முனையிலும் ஓராள், விசில் சத்தம் கேட்கும்வரை கம்பியைத் தொடாமல், மாட்டையும் பிள்ளைகளையும் விலத்தி நிற்க வேண்டும். ஐந்து பேர் இல்லாமல் இந்த வேலைக்கு வெளிக்கிடாதீர்கள்.

காலைப்பனியில் தொடங்கினால் வயர் கசியும். தோல் வெடித்த வயர் ஈரப்புல்லில் கிடந்தால் ஓட்டம் வழியிலேயே இறங்கும், வரைபின் கடைசிக் கை காரணமில்லாமல் வளையும். சோதிப்பது சுகம்: கடைசித் தூரத்தில் ஒரு வெளிக்கம்பியைக் கழற்றி வயர் நுனியைக் காற்றில் தூக்கிப் பிடியுங்கள். கருவி ஓட்டம் போகவில்லை என்று சொல்ல வேண்டும். ஏதாவது ஓட்டம் போனால் அது கசிவு.

வரைபை ஐ.பி.ஐ.2வின் போன்ற மென்பொருளில் பொருத்தினால் படைகளின் தடிப்பு வரும். அந்த எண்களை வேதவாக்காக எடுக்க வேண்டாம். கிண்ண வகை வரைபில் 10 மீற்றர் தடிப்பும் 50 ஓம் மீற்றரும் உள்ள படையும், 5 மீற்றரும் 25 ஓம் மீற்றரும் உள்ள படையும் மேலே ஏறத்தாழ ஒரே கோட்டைத்தான் தரும். எதைத் தெரிவு செய்வது என்பதைப் பக்கத்துத் தோட்டக்கிணறு சொல்லும். அதன் ஆழம், கல் தட்டிய மட்டம், தண்ணீர் மட்டம் மூன்றையும் அளந்து குறிக்காத அறிக்கை பாதி வேலை. ஒரு மீற்றர் அகல வெடிப்பை 40 மீற்றர் ஆழத்தில் ஒற்றை ஆழ அளவை காட்டவே காட்டாது. அதற்கு 10 மீற்றருக்கு ஒரு தடவை நகர்த்திக் கிடை அளவை போட வேண்டும்.

உவர்ப் பக்கத்தில் கருவி அருமை, ஆனால் களி ஏமாற்றும். 5 ஓம் மீற்றர் களியாகவும் இருக்கலாம், உவர் நிரம்பிய மணலாகவும் இருக்கலாம். கிட்டக் கிணற்றில் கடத்துதிறன் மானியை விடுங்கள். சென்ரிமீற்றருக்கு 2,000 மைக்ரோசீமன் தண்ணீரின் தடைத்திறன் 5 ஓம் மீற்றர். அந்தத் தண்ணீர் நிரம்பிய மணல் ஏறத்தாழ 20 முதல் 25 வரை காட்டும். அதற்கு மிகக் கீழே வந்தால் ஒன்றில் களி, இல்லாவிட்டால் இன்னும் உவர்.

வண்ணப்படக் கருவிகள் மின்னோட்டம் விடுவதில்லை, இயற்கையாக நிலத்தில் உள்ள மின்புலத்தை வெவ்வேறு அதிர்வெண்ணில் அளக்கின்றன. அதிர்வெண்ணை ஆழமாக மாற்றுவது கருவிக்குள் இருக்கும் ஒரு கணக்கு, உங்கள் காணியின் மண் அல்ல. மின்கம்பி வரிசைக்குக் கிட்ட அது இன்னும் குழம்பும். எங்கே ஆழ அளவை எடுப்பது என்று வேகமாக நடந்து பார்க்க உதவும். அதன் ஆழ எண்ணை நம்பிக் கிணறு அடிக்கக் கொடுக்க வேண்டாம்.

ரெராமீற்றர் நல்ல இடம் காட்டி, நல்ல தண்ணீர் வந்தாலும் புளோரைட்டு அதில் தெரியாது. வவுனியாவின் கருங்கல் தண்ணீரில் அது கூடுதலாக இருப்பதுண்டு. குடிநீருக்கு இலங்கைத் தரத்தின் எல்லை லீற்றருக்கு 1 மில்லிகிராம். குழாய் இறக்கியதும் மாதிரி கொடுத்துவிடுங்கள்.

பாவித்த கருவி வாங்குகிறவர்கள் கையில் 10 ஓம் தடையி ஒன்று, நூற்றுக்கு ஒரு வீதத் துல்லியமுள்ளது, கொண்டு போங்கள். அதன் ஒரு காலில் ஒரு வெளிவயரையும் ஓர் உள்வயரையும், மற்றக் காலில் மற்ற இரண்டையும் கொளுவி, 20 மில்லி அம்பியரில் அளவுங்கள். 9.9 முதல் 10.1 வரை வர வேண்டும். வயர்ச் சுருள்களை முழுதாக அவிழ்த்து, ஒவ்வொரு பொருத்தியையும் ஆட்டிக்கொண்டே திரும்ப அளவுங்கள். எண் ஆடினால் விலையைப் பற்றிப் பேச முதல் அந்தப் பொருத்தியை மாற்றச் சொல்லுங்கள்.