பழைய ஹேண்டிகேம் வாங்குமுன்: திரையில் படம் தெரிந்தால் மட்டும் போதாது

வீட்டில் கிடக்கும் ஹை8 கேசட்டுகளை (8 மி.மீ. டேப் உள்ள சின்ன வீடியோ கேசட்டுகள்) பார்க்க ஆன்லைனில் பழைய ஹேண்டிகேம் தேடுகிறவர்கள் கவனத்துக்கு. "டெஸ்டட், ஃபுல் ஒர்க்கிங்" என்று விளம்பரம் போட்ட ஒருவரிடம் வாங்கிய சோனி ஹை8 இது. ஆன் ஆனது, ஜூம் ஓடியது, திரையில் படம் பளிச்சென்று இருந்தது. பிளே அழுத்தியதும் கரகரவென்று சத்தம். எஜெக்ட் செய்தால் கேசட் வெளியே, டேப் வளையமாக உள்ளே. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு வந்த பதில்: "உங்க கேசட் பழசு சார், அதான் சிக்கிடுச்சு." பிரிக்காத புது கேசட்டிலும் டேப்பின் கீழ் விளிம்பு நெடுகச் சுருங்கி வந்தது. கோளாறு கேமராவில்தான்.

விற்பவர் காட்டும் படம் லென்ஸ் வழியாக வந்து சென்சாரிலிருந்து நேரே திரைக்குப் போவது. அதற்கும் டேப்புக்கும் சம்பந்தமே இல்லை. டேப்பை அழுத்திப் பிடித்து நகர்த்தும் பிஞ்ச் ரோலரின் ரப்பர் இறுகி வழவழப்பாகிவிட்டால் டேப் மேலோ கீழோ நழுவி விளிம்பு மடங்கும். டேப்பைச் சுற்றி எடுக்கும் ரீல் சுழலாவிட்டால் டேப் உள்ளே குவியும். 1990ஐ ஒட்டி வந்த மாடல்களில் சர்க்யூட் போர்டில் உள்ள கெபாசிட்டர் கசிந்து போர்டையே அரிக்கும். அந்தக் கசிவின் மீன் வாடை அடித்தால் வாங்கவே வேண்டாம்.

பணம் கட்டுமுன் வெட்டாத ஒரே வீடியோவாகக் கேளுங்கள்: காலி கேசட்டில் 5 நிமிடம் ரெக்கார்டிங், ரீவைண்ட், பிளே, கடைசிவரை ஃபாஸ்ட் ஃபார்வர்ட், முழு ரீவைண்ட், எஜெக்ட். வேறு கேமராவில் எடுத்த கேசட்டையும் கட்டாயம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். டேப்பைச் சரியான பாதையில் செலுத்தும் டேப் கைடு இடம் நகர்ந்த கேமரா, தான் பதிந்ததை ஒழுங்காகவே காட்டும். வேறு கேமராவில் பதிந்ததில்தான் மேலோ கீழோ பட்டையாக இரைச்சல் தெரியும். சோனியில் சி:31, சி:32 என்று எண் வந்தால் மெக்கானிசக் கோளாறு. சி:21 ஈரம்தான், கேசட்டை எடுத்து, மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஜப்பானிலிருந்து வரும் கேமராக்கள் என்டிஎஸ்சி என்ற வீடியோ முறையில் இயங்குபவை. இந்தியாவிலும் இலங்கையிலும் எடுத்த கேசட்டுகள் பெரும்பாலும் பிஏஎல் என்ற வேறு முறை. அந்தக் கேசட்டுகள் என்டிஎஸ்சி கேமராவில் சரியாக ஓடாது. சோனியின் பிஏஎல் மாடல் எண் 'இ' என்ற ஆங்கில எழுத்தில் முடியும்.

படம் முழுக்கப் புள்ளிப்புள்ளியாக இருந்தால் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அழுக்காக இருக்கலாம். உலர் கிளீனிங் கேசட்டை 5 விநாடி ஓட்டிப் பாருங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சி வேண்டாம், நூல் ஹெட்டில் மாட்டி அதை உடைத்துவிடும். கேமரா வந்ததும் கல்யாணக் கேசட்டைப் போட்டுவிடாதீர்கள். தேவையில்லாத கேசட் ஒன்றை முழுக்க ஓட்டி, டேப் விளிம்பை வெளிச்சத்தில் பார்த்த பிறகு போடுங்கள்.